பதினொன்றுக்கு அடுத்து

“எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு, பதிமூணு. போதும்மா, காலை இறக்குங்க.”

அம்மா காலை இறக்கினாள். இறங்கும்போது முட்டியில் சொடுக்குப் போட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. பயிற்சிக்காரர் குனிந்து கணுக்காலில் கட்டியிருந்த மணல் பையை அவிழ்த்தார். பக்கத்து ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மகள், நடுவில் ஒன்று விட்டுப்போயிற்றே என்றாள்.

“விடலக்கா. அதை நாங்க சொல்றதில்ல.”

எதற்கு என்று கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது தெரியாமல் இந்த ஊரில் ஒருவர் இருக்க முடியுமா என்கிற சிரிப்பு. முன்பு வேலை பார்த்த உடற்பயிற்சிக் கூடத்திலும் யாரும் சொல்லமாட்டார்களாம். எவ்வளவு பெரிய பளுவைத் தூக்குகிற ஆளும் பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்குத் தாவிவிடுவானாம். படியெண்ணி என்று ஒருத்தி இருக்கிறாள், பதினொன்றாம் படியில் நிற்கிறாள், அடுத்ததை யார் வாய்விட்டுச் சொல்கிறார்களோ அவர்களோடு கிளம்பிவிடுவாள் என்று விளக்கினார். சொல்லி முடித்துக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். கையில் ஈரம் ஒன்றும் இல்லை.

“நம்பிக்கையெல்லாம் கிடையாதுக்கா. வாய் வரமாட்டேங்குது, அவ்வளவுதான்.”

மகள் தலையாட்டினாள். படியெண்ணியை உண்டாக்கியவள் அவள்தான். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கும் மூன்று மணித் தேநீருக்கும் இடையில், ஏழு வரியில். அதைப் பயிற்சிக்காரரிடம் சொல்லவில்லை. அம்மா எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் மகளுக்குச் சீட்டக்கா என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள் ஏதோ ஏலச்சீட்டு நடத்துகிறாள் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வார்கள். அவள் கையாண்டது காகிதச் சீட்டுகளை. தொன்மக் களஞ்சியம் ஒன்றைத் தொகுதி தொகுதியாக வெளியிடுகிற பதிப்பகம் அது. உலகத்தில் மனிதர்கள் கும்பிட்ட, பயந்த, கதை கட்டின எல்லாத் தெய்வங்களுக்கும் பூதங்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு. மூன்றாம் மாடியில், சுவர் முழுக்க இழுப்பறைகள். முப்பத்தோரு வருடமாக அந்த இழுப்பறைகளுக்கு அவள்தான் பொறுப்பு.

சீட்டின் முன்பக்கத்தில் கதை, வலது மூலையில் அது எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்கிற குறிப்பு. பின்பக்கத்துக்குப் ‘புழக்கம்’ என்று தலைப்பு. கதை இப்போது எங்கே நடமாடுகிறது என்பது அங்கே வரும். டயர் கம்பெனி ஒன்று காற்றுத் தேவனின் பெயரை வைத்திருக்கும். தூக்க மாத்திரைக்கு உறக்க தேவதையின் பெயர். கடலைக் குடித்த பூதம் ஒன்று தண்ணீர் மோட்டார் விளம்பரத்தில் குழாயைக் கவ்விக்கொண்டு நிற்கும். எந்தக் கோயிலிலும் இப்போது இல்லாத ஒரு போர்த் தெய்வம் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் டப்பாவில் இருக்கும். இவற்றையெல்லாம் கத்தரித்து, தேதி போட்டு, பின்பக்கத்தில் ஒட்டுவாள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அவளுக்குப் பிடிக்கும். தெய்வங்கள் சாவதில்லை, வேலை மாற்றிக்கொள்கின்றன என்று ஒருமுறை தேநீர் நேரத்தில் சொன்னாள். ஓய்வூதியம் உண்டா என்று கணக்குப் பிரிவுக்காரர் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் பத்துக்கு மேல் எண்ணமாட்டாள். சீட்டுகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் போடுவாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். அதுதான் அலுவலக முறை என்று எல்லாரும் நினைத்து, அச்சகத்திலும் பத்துப் பத்தாகவே கட்டினார்கள். கல்யாணம் ஒன்று நடந்து ஒன்றரை வருடத்தில் சத்தமில்லாமல் முடிந்தது. அதற்குப் பிறகு அம்மாவும் அவளும்தான்.

ஏழு வரிக்கு வருவோம். களஞ்சியத்தின் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே ஒரு பொய்ப் பதிவு இருக்கும். திருடி அச்சடிக்கிறவர்களைப் பிடிப்பதற்காக வைப்பது. உண்மையான பதிவைத் திருடினால், நானும் அதே மூலத்தைப் பார்த்துத்தான் எழுதினேன் என்று திருடன் தப்பிவிடலாம். இல்லாத ஒன்று அவன் புத்தகத்தில் இருந்தால் எங்கே போவான்? அலுவலகத்தில் அதற்குச் சோளக்கொல்லை பொம்மை என்று பெயர், சுருக்கமாகப் பொம்மை. எந்தப் பதிவு பொம்மை என்பது பழைய ஆசிரியருக்கும் எழுதியவருக்கும் மட்டும்தான் தெரியும். பொம்மைச் சீட்டின் வலது மூலையில் மூலக் குறிப்பு இருக்காது. பச்சை மையில் ஒரு புள்ளி இருக்கும்.

நான்காம் தொகுதிக்கு நீ ஒரு பொம்மை எழுது என்றார் பழைய ஆசிரியர். அவள் எழுதினாள்.

‘படியெண்ணி: படிக்கட்டில் நிற்கும் சிறுமித் தெய்வம். கீழிருந்து ஒருவர் எண்ண, எண்ணுக்கு ஒரு படியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவாள். எண்ணியவர் பாதியில் விட்டுப் போனால் நின்ற படியிலேயே நிற்பாள். எத்தனை காலமானாலும் நகரமாட்டாள். அடுத்த எண்ணைச் சொல்பவர் யாரோ அவரோடு சென்றுவிடுவாள். கோயில் இல்லை. உருவமும் இல்லை.’

பழைய ஆசிரியர் படித்துப் பார்த்து, நிஜம் மாதிரியே இருக்கிறதே என்றார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. பொம்மைக்கு மூலம் கேட்பது வழக்கமில்லை. பச்சைப் புள்ளியை அவரே வைத்தார். இரண்டு வருடம் கழித்து இறந்துபோனார்.

மூலம் இருந்தது. ஒன்பது வயதில் அவளுக்கு ஆறு வயதில் ஒரு தங்கை. வீட்டில் இவள் பெரியவள், அவள் சின்னவள். மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள்; வேறு எந்தப் பிள்ளைகளும் ஆடாத விளையாட்டு. பெரியவள் கீழே நின்று எண்ணுவாள். சின்னவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுக்கு ஒரு படி ஏறுவாள். எண்ணுவது நின்றால் நிற்க வேண்டும். கண்ணைத் திறந்தாலோ அசைந்தாலோ தோற்றுப்போனாள். சின்னவள் தோற்றதே இல்லை.

அன்று பதினொன்று வரை எண்ணியாயிற்று. பின்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். பெரியவள் ஓடினாள். நான்கு குட்டிகள். ஒன்று மட்டும் முழுக் கறுப்பு. வெயில் உச்சியில் இருந்தது. படிக்கட்டுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. அரைமணி நேரம் கழித்து வீட்டுப் பக்கம் சத்தம் கேட்டபோதுதான் தங்கையின் நினைவே வந்தது. ஒரு செருப்பு பதினொன்றாம் படியில் இருந்தது. இன்னொன்று காலில்.

தனியாக மாடிக்கு ஏறப் பார்த்து விழுந்துவிட்டாள் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பெரியவள் மறுத்துச் சொல்லவில்லை. நாற்பத்தேழு வருடம் சொல்லவில்லை. அம்மா அதற்குப் பிறகும் அவளைப் பெரியவளே என்றுதான் கூப்பிட்டாள்.

இப்படி எழுதின சீட்டின் பின்பக்கம் பதினெட்டு வருடம் வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி தோழியிடம் சொல்வது காதில் விழுந்தது: பரீட்சை மண்டபத்துக்குப் போகிற படியில் பதினொன்றாவதில் நின்று வேண்டிக்கொண்டால் பாஸாகிவிடலாம். பதினொன்று என்று சீட்டக்கா எழுதவில்லை. பாதியில் என்றுதான் எழுதியிருந்தாள். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். அச்சுப்பிழைகூட இல்லை.

அப்புறம் மளமளவென்று வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பன்னிரண்டாம் படியில் மஞ்சள் ஸ்டிக்கர். செருப்புக் கடை ஒன்றில் ஒற்றைச் செருப்பை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே ‘அவளுக்கு’ என்று எழுதியிருந்தார்கள். மழலையர் பள்ளியில் பிள்ளைகள் பதினொன்று சொன்னதும் ஒரு கைதட்டு, பிறகு பதின்மூன்று. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினாள். இடம் போதாமல் சீட்டோடு சீட்டு ஒட்டி, அது ஒரு பட்டை போல மடிந்து இழுப்பறைக்குள் கிடந்தது. யாரும் உண்மையிலேயே நம்பவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே அந்தப் படியைத் தாண்டி வைப்பார்கள். வாய் நம்பாததைக் கால் நம்பியது.

போன வருடம் ஒரு கம்பெனி அதைக் கைப்பேசி விளையாட்டாகக் கொண்டுவந்தது. சாலை ஓரப் பலகையில் இரண்டு மாடி உயரத்துக்குப் படம். படிக்கட்டில் ஒரு சிறுமி முதுகைக் காட்டி நிற்கிறாள். கைகள் முகத்தைப் பொத்தியிருக்கின்றன. ஒரு காலில் மட்டும் செருப்பு. பேருந்து ஜன்னல் வழியே பார்த்த சீட்டக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வந்தாள். பலகைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். சிறுமியின் கவுனில், முதுகுப்புறம், மேலிருந்து இரண்டாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது.

அந்த ஊக்கை அன்று காலை குத்திவிட்டது அவள். பொத்தான் அறுந்துபோயிற்று என்று சின்னவள் வந்து நின்றபோது, தன் பாவாடையிலிருந்து கழற்றிக் குத்தினாள். தலைகீழாகக் குத்திவிட்டாள். படத்திலும் தலைகீழாகத்தான் இருந்தது.

புழக்கம் பக்கத்தில் அதை மட்டும் அவள் எழுதவில்லை.

பயிற்சிக்காரரிடம் போய்வந்த மறுநாள் காலை, புது ஆசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வயதில் அவளில் பாதி. நல்ல பையன், மேஜையில் ஈரம் படாமல் தேநீர்க் குவளைக்கு அடியில் காகிதம் வைக்கிறவர். விளையாட்டுக் கம்பெனி மேல் பதிப்பகம் வழக்குப் போட்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். பழைய ஆசிரியரின் பச்சைப் புள்ளிப் பட்டியலை அவர் பெட்டியிலிருந்து கண்டெடுத்ததே இவர்தான். இருபத்து நான்கு வருடம் கழித்துப் பொம்மை ஒரு திருடனைப் பிடித்திருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தார். இனி வேண்டியது ஒன்றே ஒன்று. எழுதியவரின் உறுதிமொழி. வக்கீல் தயார் செய்து அனுப்பிவிட்டார். நாளை பத்து மணிக்குள் கையெழுத்தாகிப் போக வேண்டும். அவர் வாசித்துக் காட்டினார்.

‘மேற்படி பதிவு முழுக்க முழுக்க என் கற்பனை. அந்தப் பெயரிலோ அந்த விவரங்களுடனோ எந்தத் தெய்வமும், எந்தச் சிறுமியும், எக்காலத்திலும் இருந்ததில்லை.’

“எந்தச் சிறுமியும்கிறது வேணுமா?” என்றாள்.

“வக்கீல் வார்த்தைக்கா. ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாதுன்னு எழுதுவாங்க.”

எதிர்த்தரப்பு ஒரு கட்டு அனுப்பியிருந்தது. இது உங்கள் சொத்து இல்லை, ஜனங்களிடம் காலகாலமாக இருக்கிற கதை என்பது அவர்கள் வாதம். சாட்சிக்கு நாற்பத்து மூன்று பேர் பேசிய ஒலிப்பதிவு; எழுத்தில் ஒரு நகலும் கூடவே. இதைக் கேட்டு ஒவ்வொன்றும் ஏன் செல்லாது என்று குறிப்பு எழுதித் தரும்படி சொன்னார். மூலம் சரிபார்ப்பதுதானே அக்காவின் தொழில்.

அவள் காகிதங்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து ரப்பர் போட்டாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன் என்றார் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர். எங்கள் அத்தை சொல்லிப் பயமுறுத்துவாள் என்றாள் துணிக்கடைக்காரி. ஜனங்கள் பொய் சொல்வதில்லை என்பது சீட்டக்காவுக்குத் தெரியும். நேற்றுக் கேட்ட கதையைத் தங்கள் பால்ய காலத்தில் கொண்டுபோய் நட்டுவைத்துவிடுவார்கள். நட்டது அவர்களுக்கே தெரியாது. ஓரத்தில் ‘ஏற்பதற்கில்லை’ என்று எழுதினாள். எல்லாரும் பதினொன்று என்றார்கள். அதற்கும் ‘ஏற்பதற்கில்லை’ என்று எழுதினாள். மூன்று கட்டு முடிந்தது.

நான்காம் கட்டின் முதல் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. அந்தச் செருமலிலேயே தெரிந்துவிட்டது.

காகிதத்தில், ‘பெண், வயது எழுபத்தெட்டு, முட்டிவலிச் சிகிச்சை நிலையம், காத்திருப்பு அறை’ என்று இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. அன்று துணைக்குப் போக முடியாமல் அம்மாவை ஆட்டோவில் தனியாக அனுப்பியிருந்தாள்.

“அது சாமியெல்லாம் இல்லம்மா,” என்றது அம்மாவின் குரல். “சின்னப் பொண்ணு. ஆறு வயசு. அக்கா தங்கச்சி விளையாட்டு. நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு அரிசி களைஞ்சிட்டிருந்தேன். எண்ணுறது கேட்டுது. பதினொண்ணோட நின்னுடுச்சு. சரி, ஆட்டம் முடிஞ்சிடுச்சு, பிள்ளைங்க வந்துடும்னு நினைச்சேன். அது முடியல. அடுத்ததை யாராவது சொல்வாங்கன்னு கண்ணைப் பொத்திக்கிட்டு நின்னிருக்கு. வெயில்ல.”

பதிவு செய்கிற பெண், யார் எண்ணுவதை நிறுத்தியது என்று கேட்டாள்.

எங்கோ மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்.

“அது தெரியல,” என்றாள் அம்மா.

சீட்டக்கா காதிலிருந்து கழற்றினாள். மறுபடி மாட்டி அந்த இரண்டு சொல்லை மட்டும் கேட்டாள். பிறகு தொழில் பழக்கத்தில் தேதிகளைப் பார்த்தாள். நாற்பத்து மூன்றில் நாற்பது பேர் பேசியது போன வருடம். விளையாட்டும் போன வருடம். அம்மா வாய் திறந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். ஆகவே பதினொன்று அம்மாவிடமிருந்து கிளம்பவில்லை. எங்கிருந்து என்பதற்கு மூலம் இல்லை.

ஓரத்தில் எதுவும் எழுதாமல் அரை நாள் விடுப்புச் சொல்லிக் கிளம்பினாள். உறுதிமொழிக் காகிதம் கைப்பையில் இருந்தது. பிழைப்புக்கு என்ன பங்கம் வரும் என்று பேருந்தில் யோசித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் வழக்கு நிற்காது. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். அதை அங்கே ஓட்டுவது கஷ்டம். போட்டால் ஒன்றும் ஆகாது. இல்லாத ஒருத்தியை இல்லை என்று எழுதுவதற்கு என்ன? ஒரு தடவை விட்டுப்போனவள் இரண்டாம் தடவையும் விட்டுப்போகலாம். இந்த முறை எழுத்தில்.

குடியிருப்புக்குக் கீழே சிமெண்டுப் பலகையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நாளுக்கு ஒரு முறையாவது படி ஏறி இறங்கச் சொல்லியிருந்தார் பயிற்சிக்காரர். இறங்கிவிட்டாள், ஏறத் துணைக்கு ஆள் வரட்டும் என்று காத்திருந்தாள். மகளைப் பார்த்ததும், என்ன இந்த நேரத்தில், ஆபீஸில் தண்ணி வரவில்லையா என்றாள். மகள் கையைக் கொடுத்தாள்.

வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. திருப்பத்துக்குத் திருப்பம் பதினாறு படி. அம்மாவின் வலது கை கைப்பிடிக் கம்பியில். கம்பியை அவள் எதற்காகவும் விடுவதில்லை. இடது கை மகளின் தோளில். வாய்விட்டு எண்ணினால் மூச்சு சீராக வரும் என்பது பயிற்சிக்காரரின் கட்டளை. மகள்தான் எண்ணுவாள். ஒன்றிலிருந்து பத்து, பிறகு மறுபடி ஒன்று.

பத்துக்கு வந்து, ஒன்று என்று சொல்ல வாயெடுத்தாள்.

“பெரியவளே. மேல எண்ணு.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முன்னால் இருந்த படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினொண்ணு,” என்றாள். அந்தச் சொல்லுக்கு நாற்பத்தேழு வருடத் துரு இருந்தது.

அம்மா ஒரு படி ஏறினாள். நின்றுவிட்டாள். அதற்கு மேல் அசையவில்லை. கீழே யாரோ வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அடுத்த படியின் விளிம்பில் மஞ்சள் ஸ்டிக்கர், ஓரம் கிழிந்து.

“நீ அந்தப் பொண்ணுகிட்டப் பேசினதைக் கேட்டேன்,” என்றாள் மகள்.

“கேட்டியா.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே தெரியும்டி. உன் குரல்தானே நின்னுது.”

“என்னை ஏன் ஒண்ணும் கேக்கல?”

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். “இருந்தது ரெண்டு. ஒண்ணு போயிடுச்சு. கேட்டிருந்தா இன்னொண்ணும் போயிருக்கும். எனக்கும்தான் காது இருந்துது. எட்டிப் பார்க்கலையே. அரிசியைக் களைஞ்சிட்டுத்தானே இருந்தேன்.”

மகள் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். ஊக்கு விஷயத்தையும் அவர்களிடம் சொன்னாயா என்று.

“என்ன ஊக்கு?”

“கவுன்ல. முதுகுல.”

“பொத்தான் இல்ல இருந்துது அதுல?” என்றாள் அம்மா. நிஜமாகவே தெரியாத குரல்.

படிக்கட்டில் சூடு ஏறியிருந்தது. மாடி ஜன்னல் வழியாக வெயில் இறங்கி, சரியாக அந்த ஒரு படியில் விழுந்திருந்தது. இத்தனை வருடமாக இந்தப் படிக்கட்டில் போய்வருகிறாள், வெயில் இங்கே விழும் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததில்லை. அம்மா கண்ணை மூடியிருந்தாள். முகத்தில் அவசரம் இல்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்கலாம் என்பதுபோல் இருந்தது அந்த நிற்பு. அம்மாவின் மார்பு ஏறி இறங்குவதை மகள் தோளில் உணர்ந்தாள். அவள் மூச்சும் கேட்டது. தன் மூச்சும் கேட்டது. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் கீழே, சளி கட்டின சின்ன மூக்கால் விடுகிற இன்னொரு மூச்சும் கேட்டது.

“இல்லேன்னு எழுதித் தரச் சொல்றாங்கம்மா. அப்படி ஒருத்தி இருந்ததே இல்லேன்னு.”

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

“சொல்லுடி. எவ்வளவு நேரம் நிக்கிறது? கால் வலிக்குது.”

யாருக்குக் கால் வலிக்கிறது என்று மகள் கேட்கவில்லை.

“பன்னண்டு,” என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அம்மா கண்ணைத் திறந்து, ஸ்டிக்கர் மேலேயே காலை வைத்து ஏறினாள். பதின்மூன்று, பதினான்கு. திருப்பத்தில் நின்று பார்த்தபோதுதான் மகள் கவனித்தாள். அம்மாவின் வலது கை கம்பியில் இல்லை. உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் லேசாக மடங்கி, உள்ளே எதையோ வைத்திருப்பதுபோல. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, ஆறு வயதுப் பிள்ளையின் கை இருக்கும் உயரத்தில்.

“கம்பியைப் பிடிம்மா.”

“விழமாட்டேன். நீ மெதுவா போ,” என்றாள் அம்மா. “பூனையப் பார்க்க ஓடாத.”

மிச்சம் இருந்த படிகளை மகள் ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டே ஏறினாள். வீட்டுக் கதவு நாற்பத்தெட்டாம் படியில் இருந்தது. அந்த வீட்டில் இருபது வருடமாக இருக்கிறாள்.

மறுநாள் வியாழக்கிழமை. சீட்டக்கா வழக்கமான பேருந்தில் போனாள். ஒன்பதே முக்காலுக்குப் புது ஆசிரியரின் மேஜையில் உறுதிமொழிக் காகிதத்தைக் கையெழுத்து இல்லாமல் வைத்தாள். காரணம் கேட்டார். பதிவு பொய் இல்லை, மூலம் இருக்கிறது, குறிக்க விட்டுப்போயிற்று என்றாள். இதனால் என்ன ஆகும் தெரியுமா என்றார். தெரியும் என்றாள். வக்கீலுக்குத் தொலைபேசி போட்டார்கள். மதியம் அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, நகலில் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தாள். பயிற்சி நிலையத்திலிருந்து அம்மா போன் பண்ணினாள். இன்று பயிற்சிக்காரர் பதினைந்து வரை தவறாமல் எண்ணினார், அவருக்கே ஆச்சரியம் என்றாள்.

நான்காம் தொகுதி இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்தாள். பச்சைப் புள்ளியை பிளேடால் சுரண்டினாள். வலது மூலையில், மூலம் என்பதற்கு நேரே, ‘எழுதியவரின் தங்கை’ என்று எழுதினாள். ‘உருவமும் இல்லை’ என்பதை அடித்தாள். பின்பக்கம் புழக்கத்தில் ஊக்கைப் பற்றி எழுதித் தேதி போட்டாள்.

மூன்று மணித் தேநீருக்குக் கீழே இறங்கிவிட்டுத் திரும்ப மேலே ஏறினாள். இரண்டாம் மாடி தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு அடி டப் என்று. அடுத்த அடிக்குச் சத்தம் இல்லை. மறுபடி டப். நின்று குனிந்து பார்த்தாள். அவள் கால் இரண்டிலும் செருப்பு இருந்தது. அதன் பிறகு மெதுவாக ஏறினாள். மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர வழக்கத்தைவிட நாலு நிமிடம் கூடுதலாயிற்று.